எட்டுப் படகுகளும் ஒரு கையெழுத்தும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மேயர் யானிக் லெ பிஹான் அவர்களே, குளிருக்குக் கழுத்துத்துணி சுற்றிக்கொண்டு வந்திருக்கும் எங்கள் பங்குத்தந்தை அவர்களே, கடலுக்குப் போய்க் கரை திரும்பி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, திரும்பாதவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றும் தாய்மார்களே, இந்த சோயிசிக் எப்போது முடிப்பாள் என்று கதவோரம் நின்று கடிகாரம் பார்க்கும் அன்பர்களே, உங்கள் எல்லோருக்கும் புனித அன்னம்மாள் துணையிருக்கட்டும். ரொனான், சிரிக்காதே. உன்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கெர்மோர் ஊர் மக்களின் கடிதம் என்று இந்த மேசைமேல் ஒரு தாள் இருக்கிறது. என் அக்கா மகன் எர்வான், எங்கள் ஊரில் எடுத்த தன் படத்தை எட்டு நிமிடம் வெட்டுவதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஊரே கேட்கிறதாம். முதல் கையெழுத்து நான் போட வேண்டுமாம். நாளைக் காலை ரயிலில் பாரிசுக்கு நானே கொண்டுபோக வேண்டுமாம். ஏன் நான்? அவனை வளர்த்தவள் நான். நான் சொன்னால் கேட்பான். அது உண்மைதான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

யார் இந்த எர்வான்? சட்டம் படிக்க ரென் நகரத்துக்குப் போனவன், சட்டப் புத்தகத்தை விற்றுவிட்டு ஒரு படப்பிடிப்பில் விளக்குக் கம்பி சுருட்டப் போனான். நான் அழுதேன். கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவளுக்குச் சினிமா என்றால் என்ன தெரியும்? பிறகு, தினமும் சாயங்காலம் நீங்கள் சூப்பு குடித்துக்கொண்டே பார்க்கிற தொடருக்கு ஆறு வருடம் வசனம் எழுதினான். யார் யாரைக் காதலிக்க வேண்டும், யார் மாடியிலிருந்து விழ வேண்டும், எல்லாம் மேலிடத்திலிருந்து எழுதி வரும். இவன் வாயில் வார்த்தையை மட்டும் வைப்பான். ஆறு வருடம் அடுத்தவர் கதையில் அவன் குனிந்து நடந்தான்.

அப்புறம் அவனுடைய முதல் படம். பாரிசில் புதன்கிழமைதான் படம் வெளியாகும். மதியம் இரண்டு மணிக் காட்சிக்குச் சினிமாத் தொழிலில் இருப்பவர்கள் வாசலில் நின்று தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைதான் படத்தின் ஆயுள். நான் ஒன்பது நாள் நவநாள் செபித்துவிட்டுப் போய் அவனோடு நின்றேன். ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

"சித்தி, நீங்க இன்னும் கொஞ்ச நாள் ஜெபிச்சிருக்கலாம்" என்றான்.

"நீ இன்னும் கொஞ்சம் நல்லா எடுத்திருக்கலாம்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த புதன்கிழமை படம் அரங்கத்தில் இல்லை. விழுந்தானா? விழுந்தான். படுத்தானா? படுக்கவில்லை. தொலைக்காட்சிக்குத் துப்பறியும் தொடர் எழுதினான், இயக்கினான், பெயர் வாங்கினான். அந்தப் பெயரை வைத்துத்தான், நாற்பத்தொரு வயதில், நம் ஊர்க் கதையைத் தொலைக்காட்சிப் படமாக எடுக்க அவர்களிடம் கேட்டு வாங்கினான்.

போன பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் நடக்கிற நம் அன்னம்மாள் பவனியை அவன் படத்துக்காகப் பிப்ரவரியில் நடத்தினோம். அசல் சொரூபத்தைக் கோவிலைவிட்டு எடுக்கப் பங்குத்தந்தை விடவில்லை. அவர்கள் பஞ்சுபோன்ற ஏதோ ஒன்றில் ஒரு அன்னம்மாளைச் செய்து கொண்டுவந்தார்கள். நான்கு பேர் தூக்க வேண்டிய தாயை ஒரு பெண் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நாமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பாட்டைத் தொடங்க வேண்டியவள் நான். நம் பவனிப் பாட்டில், கடல் கொண்ட படகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சரணம். பதினோரு படகு, பதினோரு சரணம். "மூணு சரணத்தோட நிறுத்திடணும் சித்தி, சத்தியமா" என்றான். அன்னம்மாள்மேல் சத்தியம் செய்தேன்.

மூன்றாவது சரணம் முடிந்தது. அவன் 'கட்' என்றான். யார் நிறுத்தினோம்? நாலாவது படகைக் கடலிலேயே விட்டுவிட்டு யாரால் வாயை மூட முடியும்? நான் நாலாவதை எடுத்தேன். நீங்கள் எல்லோரும் எடுத்தீர்கள். அவன் மறுபடியும் 'கட்' என்றான். ஒளிப்பதிவாளர் அவன் முகத்தைப் பார்த்தார். அதற்குள் நாம் அந்தப் பஞ்சுச் சொரூபத்தின் முன்னால், ஈரக் கல்லில், மண்டியிட்டிருந்தோம். பொய் என்று தெரிந்தே மண்டியிட்டோம். அப்போது எர்வான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். நிறுத்தாதே என்று ஒளிப்பதிவாளருக்குக் கையசைத்தான். பதினோரு நிமிடம், ஒரே மூச்சில் எடுத்தார்கள். சத்தியத்தை மீறியவள் நான். பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன். சாமியார் தலையாட்டுகிறார் பாருங்கள்.

இப்போது தொலைக்காட்சிக்காரர்கள் சொல்கிறார்கள்: படம் தொண்ணூறு நிமிடம்தான் இருக்க வேண்டும், எட்டு நிமிடம் கூடுதல், எட்டுச் சரணத்தை எடுத்துவிடு. நம் நாட்டுச் சட்டப்படி இயக்குநர் ஒப்புக்கொள்ளாமல் படம் முடிந்ததாக ஆகாது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு மாதமாக அவனுக்கு வேலை இல்லை. தொலைபேசியும் அடிப்பதில்லை.

"அதுக்குத்தான் சொல்றோம் அத்தை, அவன் நல்லதுக்குத்தானே? அவன் ஒப்புக்கிட்டா அடுத்த கோடையில பன்னிரண்டு பகுதித் தொடர் ஒண்ணை இங்கேயே எடுக்கறோங்கிறாங்க. என் கடையில நாற்காலி எல்லாம் காலியா கிடக்கு."

ரொனான் கேட்பது நியாயம். அவன் சுடுகிற தோசைபோன்ற அப்பம் நல்ல அப்பம். அவன் கடை நிரம்ப வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேளுங்கள். போன வாரம் அந்தத் தொலைக்காட்சி அலுவலகத்தில் நடந்ததை எர்வான் எனக்குச் சொன்னான். ஒரு அம்மாள் அவனுக்குக் காப்பி கொடுத்து, கனிவாகப் பேசினாளாம்.

"உங்க அப்பா படகும் அந்தப் பாட்டுல இருக்காமே?"

"இருக்கு மேடம். ஒன்பதாவது."

"அப்ப ஒரு வழி பண்ணலாம். முதல் மூணு, அப்புறம் உங்க அப்பாவோடது. அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் மேல பேசிக்கிறேன்."

இவன் என்ன சொன்னான் தெரியுமா?

"மத்த ஏழு வீட்டுக் கதவைத் தட்டி இதை யார் சொல்றது மேடம்? நீங்க வர்றீங்களா?"

தகப்பன் முகமே நினைவில்லாதவன் அவன். என் அக்காவின் கணவர் போனபோது அவனுக்கு இரண்டு வயது. அந்த ஒரு நிமிடம் அவனுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதைக் கையில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டு எழுந்து வந்தான். ஆறு வருடம் குனிந்து நடந்தவன் அங்கே நிமிர்ந்தான். நம் ஊர் அவனைக் குனியச் சொல்வதா? கடல் கொண்டுபோனவர்களைக் கத்தரியும் கொண்டுபோவதா? கடலுக்குக் காது இல்லை, கேட்டும் பயனில்லை. நமக்குமா காது இல்லை?

மேயர் ஐயா மணியைத் தொடுகிறார். அடிக்காதீர்கள் ஐயா, முடிக்கிறேன்.

நான் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன். நாளைக்கு ரயில் ஏறுவேன். கடிதம் கொண்டுபோக மாட்டேன். வெண்ணெய்ப் பணியாரம் கொண்டுபோவேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பணமில்லாவிட்டால் என் வீட்டில் வந்து எழுதட்டும். நான் சமைக்கிறேன்.

கையெழுத்துப் போட விரும்புகிறவர்களை நான் தடுக்கவில்லை. பேனா இங்கே இருக்கிறது. ஒன்றே ஒன்று. போடுவதற்கு முன்னால் இந்த ஒலிபெருக்கியில், எந்தெந்தப் படகை எடுத்துவிடலாம் என்று அதன் பெயரைச் சொல்லிவிட்டுப் போடுங்கள். எட்டுப் பெயர். அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ரொனான்? தலையை ஆட்டுகிறாய். வரவில்லையா? சரி, உட்கார். மேயர் ஐயா, நீங்கள்? உங்கள் துணைவியார் உங்கள் கோட்டைப் பிடித்திருக்கிறார் போலிருக்கிறதே.

ஒருவரும் இல்லையா?

அப்படியானால் இந்தத் தாளை வெள்ளையாகவே மேயரிடம் கொடுக்கிறேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மணியடிக்காத தலைவருக்கும், பதினோரு வீட்டுத் தாய்மார்களுக்கும் என் நன்றி. அன்னம்மாள் உங்களைக் காக்கட்டும். வணக்கம்.