பன்னிரண்டாவது படம்

புதுச்சேரியில் கேமரா வாங்கும் எவனும் முதலில் எடுப்பது மஞ்சள் சுவரைத்தான், இன்ஸ்பெக்டர் மேடம். சுவருக்கு முன்னால் ஒரு சைக்கிள், சைக்கிளுக்கு முன்னால் ஒரு காதலி, மேலே காகிதப்பூ. சில சமயம் காதலி மாறுவாள், சுவர் மாறாது. அந்தச் சுவரை ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்தவன் நான். எனக்கு எவ்வளவு பொறுமை இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயர் மார்ட்டின். முத்தியால்பேட்டையில் மாடி அறை. ஃபிலிம் கழுவி, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது தொழில். என்னிடம் வருவது பெரும்பாலும் பெரிய ஃபிலிம். ஒரு ரோலில் பன்னிரண்டே படம், ஒவ்வொன்றும் பாதி உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதில்தான் மோகம் என்பதால் கடை நன்றாகவே ஓடுகிறது. பெரிய ஃபிலிமிடம் ஒரு குணம் உண்டு. அது எதையும் மறைக்காது. மேக்கப்காரர் பாடுபட்டு மூடிய மணப்பெண்ணின் பருவைத் தேடிப் பிடித்து வெளியே கொண்டுவந்து வைத்துவிடும். பெண் வீட்டார் என்னைத்தான் திட்டுவார்கள்.

மதிவாணன் என் வாடிக்கையாளன். இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமையானால் யாரோ கழித்துவிட்ட கேமரா ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். நல்லவன். இதை நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். எச்சில்.

விளக்கிவிடுகிறேன். இந்த ஃபிலிம் டப்பாவுக்குள் வருவதில்லை. நீளமான காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டியிருக்கும். பன்னிரண்டும் எடுத்து முடித்தவுடன், சுருள் அவிழாமல் இருக்க, நுனியில் இருக்கும் பட்டையைச் சுற்றி ஒட்ட வேண்டும். பட்டையில் கோந்து இருக்கும், ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும். படமெடுக்கிறவர்கள் பலரும் அதை நாக்கால் நக்கித்தான் ஒட்டுகிறார்கள். காட்டில் யானையை எடுப்பவனும் நக்குகிறான், மண்டபத்தில் மாப்பிள்ளையை எடுப்பவனும் நக்குகிறான். கடைசியில் அத்தனை பேர் எச்சிலையும் தொடுவது என் கை. அதற்காகவே மேஜைமேல் தண்ணீரில் ஊறவைத்த ஸ்பாஞ்சு ஒன்று வைத்திருந்தேன். மற்றவர்கள் திருந்திவிட்டார்கள், மதிவாணன் திருந்தவில்லை.

“ஸ்பாஞ்சு இருக்குல்ல. எதுக்குடா நாக்க நீட்டுற?”

“விடுண்ணே. நக்கி ஒட்னாதான் ரோல் முடிஞ்ச மாதிரி இருக்கு.”

“அது நான் தடவுன கோந்துடா.”

“உன் கையால சாப்புட்ட மாதிரின்னு வச்சிக்கிறேன்.”

நான் தடவிய கோந்து என்பது உண்மை. கம்பெனி ரோல் கட்டுப்படியாகாதவர்களுக்கு, நீளமான ஃபிலிமை இருட்டில் வெட்டி, பழைய காகிதத்தில் நானே சுருட்டித் தருவேன். பழைய பட்டையில் கோந்து போயிருக்கும், புதிதாகத் தடவ வேண்டும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அஞ்சம்மாள் என்று ஒருவர் தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். பல வருஷமாக நான் அவரைப் படமெடுத்து வருகிறேன். என் படங்களில் அவர் சரியாக நடுவில், சரியான வெளிச்சத்தில், என்னை முறைத்துக்கொண்டு இருப்பார். மதிவாணன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனான். அவனைப் பார்த்து அந்த அம்மா சிரித்துவிட்டார். வாய் நிறைய வெற்றிலை, கையில் வஞ்சிரத்தின் வால், பின்னால் கடலூர் பஸ். படம் கோணல் வேறு. ஸ்கேனரில் அது மேலிருந்து கீழாக வர வர நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது. காலையில் சாப்பிடாததால் இருக்கலாம். பிறகு வழக்கம்போல் தூசி எடுத்துக் கொடுத்தேன்.

பீச் பக்கம் காட்சிக்கூடம் நடத்தும் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் அந்தப் படத்தைப் பார்த்து, அவனுக்குத் தனிக் கண்காட்சியே வைப்பதாகச் சொல்லிவிட்டார். என் படங்களையும் காட்டினேன். “ரொம்பச் சுத்தமா இருக்கு, முசியே மார்ட்டின்” என்றார். பாராட்டுதான். ஆகவே பொறாமை என்று எழுதாதீர்கள். நெகட்டிவில் அவன் விரல் ரேகை பதிந்திருந்தது. துடைக்கக்கூடத் தெரியாத ஒருவன் சுவர் முழுக்க மாட்டப்போகிறான் என்றால், கலைக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டாமா?

அவனுக்கென்று ஒரு ரோல் சுருட்டினேன். கோந்தில் என்ன கலந்தேன் என்பதை உங்கள் லேபில் சொல்வார்கள். நான் முந்திக்கொண்டு சொல்லி அவர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன்? மற்றவர்களுடைய ரோலோடு கலந்துவிடாமல் தனியாக எடுத்துவைத்து, அவன் கையிலேயே கொடுத்தேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கவனம். சம்பந்தமில்லாத ஒருவர் போய்ச் சேர்ந்திருந்தால் என் மனசு தாங்கியிருக்காது.

அந்த ரோலை முடிக்க அவன் என் அறைக்கே வந்தான்.

“ஒரே ஒரு படம் மிச்சம் இருக்குண்ணே. கொஞ்சம் இப்டிப் பாரு.”

ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். எடுத்தான். சுருளை வெளியே எடுத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தான்.

“ஸ்பாஞ்சு எங்கண்ணே? நீ இவ்ளோ சொல்றியே, இன்னிக்காவது அதுல ஒட்லாம்னு பாத்தேன்.”

ஸ்பாஞ்சு டிராயருக்குள் இருந்தது. மேஜையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருந்தேன்.

“காஞ்சி போச்சுடா” என்றேன்.

நக்கி ஒட்டினான். சுருளை என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போனான்.

சாயங்காலம் அவனைக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைக்கவில்லை. மத்தியானம் வீட்டில் நண்டுக் குழம்பு. அவன் அம்மா, கூட்டம் கூடியிருந்த சாவு வீட்டில், மருமகள் பூர்ணிமாவைப் பார்த்துக் கத்தினார். “நண்டப் போட்டு எம் புள்ளயக் கொன்னுட்டியேடி.” பூர்ணிமா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நண்டு சமைத்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் கருத்து சொல்லவில்லை.

காரியம் முடிந்ததும் பூர்ணிமா என் அறைக்கு வந்தது. “அவரு கடைசியா எடுத்தது உங்ககிட்டதான இருக்கு. நல்லாப் பண்ணிக் குடுங்கண்ணா. கண்காட்சி நடக்கணும்.” என் வாழ்க்கையில் எந்த ரோலையும் அவ்வளவு கவனமாகக் கழுவியதில்லை. பட்டையோடு காகிதத்தை அன்றே கொளுத்தியிருக்கலாம். ஆனால் நல்ல காகிதம், நுனியை மட்டும் மாற்றினால் இன்னொரு ரோலுக்கு ஆகும். காகிதத்தை எறிந்து எனக்குப் பழக்கமில்லை. அப்படித்தான் அது என் பெட்டியில் உங்களுக்குக் கிடைத்தது. கோயிலில் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாமே என்று கேட்டீர்கள். பாதருக்கு ஃபிலிமைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதலிலிருந்து விளக்குவதற்குள் பூசைக்கு மணி அடித்துவிடுவார்கள்.

பதினொரு படங்களும் நன்றாக இருந்தன. நானே சொல்கிறேன். பன்னிரண்டாவது, நான். மதாம் அதைத்தான் வாசலில் பெரிதாக மாட்ட வேண்டும் என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஃபோகஸ் கச்சிதம். மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. ஆனால் முகத்தில் என்னமோ படிந்திருக்கிறது, மேடம். கண்ணைச் சுற்றி, வாயோரத்தில். தூசி என்று நினைத்து பிரஷால் தட்டினேன், போகவில்லை. நெகட்டிவை மறுபடியும் கழுவினேன். மறுபடியும் ஸ்கேன் செய்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புள்ளியாக அழித்தும் பார்த்தேன். என்ன அழித்தாலும் அது அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்னால் சுவர் சுத்தம், அலமாரி சுத்தம், சட்டைகூடச் சுத்தம். முகத்தில் மட்டும்தான்.

எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இருந்ததில்லை. கடைசி வரியாக அதை எழுதிவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஸ்கேனரில்தான் ஏதோ கோளாறு.