மேலிடத்து உத்தரவு

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் என் அண்ணியைத் தாங்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, வேலை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நிற்கும் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். தந்தை அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் தமிழில்தான் பேசப் போகிறேன். குழி அண்ணனைப் பற்றி வேறு மொழியில் பேச எனக்கு வாய் வராது.

குழி அண்ணன்! உயிரோடு இருக்கிற மனிதனுக்கு வைக்கிற பெயரா இது? வைத்தது நாம்தான். முதலில் முறைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தாலே, "குழி அண்ணன்தான் பேசறேன், யாரு போயிட்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பிழைக்க வந்த இந்த மண்ணில், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவர் துணி தேய்த்தார், நான் வண்டி ஓட்டினேன். சங்கத்தில் அவருக்கு ஒரு பதவியும் கொடுத்தோம்: அடக்கச் செயலாளர். வேறெந்தச் சங்கத்திலும் நான் கேள்விப்படாத பதவி. அந்தச் செயலாளரிடம் அடக்கம் இருந்ததா? மருந்துக்கும் இல்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறிச் சத்தம் போடுவார். சத்தம் போட்டுப் போட்டுத்தான் நம் ஆட்களுக்கு நல்லடக்கம் வாங்கிக் கொடுத்தார்.

அந்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார்? துணி மடிக்கிற மேசைமேல் சாய்ந்தவர் எழவில்லை. அதே மருத்துவமனையின் பிணவறையில், அவர் தேய்த்து அனுப்பிய விரிப்புக்குள்ளேயே படுத்திருக்கிறார். நாளைக் காலை அடக்கம். ஆனால் இன்று மதியம் வரை அவரை எங்கே அடக்குவது என்று நமக்குத் தெரியாது. எத்தனை பேருக்கு மண் தேடிக் கொடுத்தவர்! அவருக்கு மண் இல்லை. இதை இந்த மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏன் இல்லை? அதைச் சொல்ல வெல்டர் தம்பியிலிருந்து தொடங்க வேண்டும். வாடகை அறையில், தூக்கத்திலேயே போனவன் அவன். இங்கே உறவென்று ஒருவரும் கிடையாது. ஈமச்சடங்கு நிறுவனத்தில் பளபளக்கும் பெட்டியையும் கறுப்புக் காரையும் காட்டி ஒரு தொகை சொன்னார்கள். ஊருக்கு அனுப்ப அதைவிடப் பெரிய தொகை. அவ்வளவு பணத்துக்கு நாம் எங்கே போவது? குழி அண்ணன் நேரே தந்தையிடம் போனார். கறுப்புக் கார் இல்லாவிட்டால் திருச்சபை ஏற்காதா என்று அரைகுறை மொழியில் கேட்டார். தந்தை சிரித்துவிட்டார். செபம் வேண்டும், ஆசீர்வதித்த மண் வேண்டும், சிலுவை வேண்டும், பெட்டி எதுவாக இருந்தால் என்ன என்றார். அது போதாதா அண்ணனுக்கு? தச்சுப்பட்டறையில் சாதாரணப் பலகையில் பெட்டி செய்ய வைத்தார். காருக்குப் பதில் என் சலவை வண்டி வந்தது. மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே சம்மதித்தார். தூக்குவதற்கு நாம் இருந்தோம்.

மண்ணுக்கு என்ன செய்வது? கல்லறைத் தோட்டத்தில் ஆழக்குழிதான் மலிவு. ஒருவரைக் கீழே வைத்து மூடுவார்கள். பிறகு இன்னொருவர் வந்தால் அவர் மேலே. "ஒண்டுக்குடித்தனம்தான், ஆனா தண்ணிச் சண்டை வராது" என்றார் அண்ணன். நாமும் சிரித்தோம்.

ஊரில் இருந்த அந்தத் தாய்க்குச் சிரிப்பு வருமா? மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாததைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர், இதைக் கேட்டதும் தொலைபேசியில் உடைந்துபோனார். "என் பிள்ளை நெஞ்சு மேல யாரையோ கொண்டாந்து வைப்பீங்களா? அவனுக்குச் சின்னதுலேருந்தே மூச்சு வாங்கும்ப்பா" என்றார். அண்ணன் சொன்னார்: "உங்க வாயால சரின்னு வராம அங்க யாரையும் வைக்க மாட்டோம்மா."

வாக்குக் கொடுத்துவிட்டார். சங்கத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலும் கீழுமாக இரண்டு இடத்துக்கும் சங்கம்தான் பணம் கட்டியிருந்தது. அதன்பின் மகனின் நினைவு நாள் வரும்போதெல்லாம் அந்தத் தாய் கூப்பிடுவார், மேலே யாராவது வந்துவிட்டார்களா என்று கேட்பார். இல்லையம்மா, காலியாகத்தான் இருக்கிறது என்று அண்ணன் சொல்வார். இதற்கு நடுவில் சாவு நின்றதா? விடுதிச் சமையல்காரர் போனார். கட்டடம் துடைக்கிற அக்கா போனார். ஒவ்வொருவருக்கும் அண்ணன் அலைந்து வேறு இடம் பிடித்தார், சங்கம் கட்டியது. ஒவ்வொரு முறையும் தலைவர் கேட்பார், அங்கே ஓர் இடம் சும்மா கிடக்கிறதே, ஏனய்யா விட்டுவைக்கிறாய் என்று. அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார்: "அது மேலிடம் தலைவரே. உத்தரவு வரணும்."

கோபித்துக்கொள்ளாதீர்கள் தலைவரே, நீங்கள் மேசையைத் தட்டியதும் நியாயம்தான். அந்த வாக்கைக் காப்பாற்றித்தான் சங்கத்தின் கை வறண்டது. இன்று அவருக்கென்று புதிதாக ஒரு குழி வாங்க நம்மால் முடியவில்லை. அவர் செய்தது சரியா, தவறா? காலையிலிருந்து யோசிக்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

ஊருக்கு அனுப்பலாமா என்று அண்ணியைக் கேட்டோம். இங்கேயே அடக்குங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவரைத் தூக்கி அனுப்பினால் பெட்டிக்குள்ளேயே சண்டை போடுவார் என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார். மிச்சம் இருந்தது அந்த மேலிடம் ஒன்றுதான். அந்த அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது, வைத்துவிடலாமே என்று நமக்குள்ளேயே ஒருவர் சொன்னார். அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "கேக்காம வைக்காதீங்க. அது அவரு குடுத்த வாக்கு" என்றார்.

மதியம் நான்தான் கூப்பிட்டேன். அண்ணனின் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டதால், நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டார்: "மேல யாரும் வந்துட்டாங்களாப்பா?" அம்மா, பேசுவது அவர் இல்லை, அவர் போய்விட்டார், அவருக்குத்தான் இடம் இல்லை என்றேன். 

"அவரா?" என்றார். பிறகு மெதுவாக, "வைங்கப்பா. அவரு கனக்க மாட்டாரு" என்றார்.

அண்ணே, உத்தரவு வந்துவிட்டது.

ஆனால் என் மனம் ஆறவில்லை. அண்ணி, அந்தக் குழி நாளையோடு நிறைந்துவிடும். பிற்காலத்தில் உங்களுக்கென்று அவர் பக்கத்தில் இடம் இருக்காது. ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கூடத்தில் அடுத்து விழப்போவது யாரென்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவருடைய தொலைபேசி இனி என் சட்டைப்பையில் இருக்கும். அது அடித்தால் எடுப்பேன், யார் போனாலும் வண்டியைக் கொண்டுவருவேன், எந்த அலுவலகத்திலும் ஏறிச் சத்தம் போடுவேன். ஒருவரையும் பிணவறையில் அநாதையாக விடமாட்டோம் என்று என்னோடு சேர்ந்து நீங்களும் அவருக்கு வாக்குக் கொடுங்கள். நினைவு நாளில் அந்த அம்மாவையும் நானே கூப்பிடுவேன்.

நாளைக் காலை பெட்டியைத் தூக்கப்போகிற தோழர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கயிற்றை மெதுவாக விடுங்கள். கீழே மூச்சு வாங்குகிற பிள்ளை ஒருவன் படுத்திருக்கிறான்.