மணியைச் சுடும் ஆட்டம்

பிஸ்கட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் சுற்றும். காகித வட்டத்தைச் சுடுவதைவிட அதைச் சுடுவது சுவாரசியம். எங்கள் ஏர்கன் துப்பாக்கி கிளப்புக்கு நான் முதலில் யோசித்துக் கொடுத்த விளையாட்டு அதுதான். அப்புறம் மாவு நிரப்பிய பலூன். கிளப்பில் சுட வரும் தையல்காரர் ஒருவர் கட்டப் போனபோது கையிலேயே ஒன்று வெடித்து, மனிதர் வெள்ளை மீசையோடு வீட்டுக்குப் போனார்.

"அக்கா, இந்த வாரம் என்ன கூத்து?" என்று கேட்டுக்கொண்டேதான் எல்லாரும் உள்ளே வருவார்கள்.

என் வீட்டுக்காரர் கிளப் தலைவர். யாராவது பாராட்டினால், "நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் சாப்பிடும்போது, "கோமாளித்தனம் போதும்டி. அடுத்த வாரத்துலேர்ந்து வெறும் காகிதம்தான்" என்றார்.

"ஒரே ஒரு ஆட்டம் பாக்கியிருக்குங்க."

"ஏதோ பண்ணித் தொலை."

ஆக, அனுமதி கொடுத்தது அவர்தான்.

கிளப்பில் மணி அடித்தால் எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். பிறகு போய்க் காகிதம் மாற்றலாம். எப்போதும் முதலில் போவது அவர். புதுக் காகிதக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல் நடப்பார்.

என் ஆட்டத்தில் டப்பாக்களுக்கு நடுவே ஒரு மணி. யாராவது அதை அடித்த உடனே, மிச்ச டப்பாக்களை எல்லாரும் சேர்ந்து சுட்டுத் தள்ளலாம். கிளப் மணியின் அதே சத்தம் வேண்டும் என்று கடையில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கினேன். "பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களேம்மா" என்று கடைக்காரர் சிரித்தார்.

விதியை எல்லாருக்கும் தெளிவாகச் சொன்னேன். அவர் அப்போது பக்கத்து அறையில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த அறைக்கதவு டப்பாக்கள் இருக்கும் பக்கம்தான் திறக்கும். வீட்டிலேயே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். என் விளையாட்டுகளை அவர் என்றைக்குக் காது கொடுத்துக் கேட்டார்?

தையல்காரரின் முதல் குண்டிலேயே மணி அடித்தது. கதவு திறந்தது. குண்டு கண் வழியாக மூளை வரை போயிருக்கிறது என்றார் டாக்டர்.

யார் குண்டு என்று தேடாதீர்கள். தையல்காரர் அன்றிலிருந்து கடையைத் திறக்கவே இல்லை, பாவம். நான் சொன்னபடிதான் எல்லாரும் விளையாடினார்கள்.

அவர் நினைவாக ஓர் ஆட்டம் யோசித்துத் தரச் சொல்லி கிளப்பில் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை என் பெயரைச் சொல்லியே அறிவிப்பார்களாம். சரி என்றுவிட்டேன். இதில் மணி கிடையாது. எனக்கும் மனசாட்சி இருக்கிறது.