நின்றன, நிற்கின்றன

பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நல்ல காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன். கடலூர் முதுநகரில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கில வாத்தியாராக இருப்பவன் நான். தட்சிணாமூர்த்தி என்றால் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் கடை ஹபிபுல்லா விவகாரத்தை விசாரிக்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஆள் போய் இரண்டரை வருடம் கழித்தாவது வந்தீர்களே, சந்தோஷம். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

அறுபத்து மூன்றில் எங்கள் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஹார்வுட். உலகப் போரின்போது இந்தப் பக்கம் போர் விமானம் ஓட்டியவர். காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக் காட்டுக்குள் அப்போது வெள்ளைக்காரர்கள் ஒரு விமானத் திடல் போட்டிருந்தார்கள். விமானங்களைக் குண்டுக்கு மறைத்து நிறுத்த, லாட வடிவில் செங்கல் மறைப்புகள் கட்டியிருந்தார்கள். ஊரில் அவற்றைக் கொட்டாய் என்பார்கள். எந்த ஸ்குவாட்ரன், அதாவது எந்த விமானப் படைப்பிரிவு, எந்தக் கொட்டாயில் இருந்தது என்று சொல்ல யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று ஹார்வுட் கேட்டிருந்தார். விமானங்கள் போய்ப் பதினெட்டு வருடமாகியிருந்தது. ஓடுதளத்தில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது.

ஹபிபுல்லா பாய் வாலிபத்தில் அங்கே பெட்ரோல் டின் சுமந்தவர். ஆங்கிலம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு விமானத்தின் விலாவிலும் எழுதியிருந்ததைப் படமாக ஞாபகம் வைத்திருந்தார்.

"கவட்டை மாதிரி ஒண்ணு, பக்கத்துல ஏணி மாதிரி ஒண்ணு வாத்தியாரே."

பதினேழு கொட்டாய்களையும் ஒரு நோட்டில் குறித்தார். தமிழ்தான், ஆனால் அரபி எழுத்தில். அவர் வாசிப்பார், நான் ஆங்கிலமாக்கி அவர் பெயரில் அனுப்புவேன். அந்தக் கவட்டையையும் ஏணியையும் வைத்து ஹார்வுட் ஸ்குவாட்ரன்களை அடையாளம் கண்டு, திடலுக்கு ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். செத்துப்போன தன் நண்பனின் விமானம் ஒன்பதாம் கொட்டாயில் நின்றது என்று தெரிந்த அன்று அழுதேன் என்று எழுதினார். பாய்க்கு எழுதினார், எனக்கு அல்ல. எல்லாக் கடிதமும் 'அன்புள்ள மிஸ்டர் ஹபிபுல்லா' என்றுதான் தொடங்கும்.

அறுபத்தைந்து ஆகஸ்டில் வந்த கடிதத்தில், உங்கள் ஆங்கிலம் பழுதற்றது என்று பாராட்டியிருந்தார். கடையில் வைத்து நான்தான் அதைப் படித்துச் சொன்னேன்.

"என் இங்கிலீஸ் ஜோரா இருக்காம் வாத்தியாரே! ஒங்க பள்ளிக்கொடத்துல எனக்கும் ஒரு வேலை பாருங்க" என்றார் பாய்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் பாகிஸ்தானோடு சண்டை. ஊரில் பாதுகாப்புக் கமிட்டி போட்டோம், நான் செயலாளர். எதிரி முதலில் பிடிக்கப்போவது கடலூரைத்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டினோம். தண்ணீர் ஊறி, அதில் வாத்து நீந்தியது. பக்கத்து ஊர்க் கமிட்டி ஒரு கிளிஜோசியக்காரரை ஒற்றன் என்று பிடித்துவிட்டது. நம்மிடம் அப்படி ஒருவரும் இல்லையே என்று தலைவர் வருத்தப்பட்டார். சைக்கிள் கடை பாய் விமானம் பற்றி ஒரு நோட்டு வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை.

பாயைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். நோட்டை அங்கே யாராலும் படிக்க முடியவில்லை. வாத்தியாரைக் கேளுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும் என்று பாயே சொன்னாராம். எனக்கு ஆள் வந்தது. பஸ் ஏறிப் போனேன்.

"என்னா சார் எழுதியிருக்கான்?" என்று இன்ஸ்பெக்டர் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

எனக்கும் அரபி எழுத்து தெரியாது. ஆனால் விஷயம் மனப்பாடம். "ஒன்பதாம் கொட்டாயில் மூன்று போர் விமானங்கள் நிற்கின்றன" என்று தொடங்கினேன். பாய் எழுதியிருந்தது, நின்றன. பதினேழு கொட்டாய்களுக்கும் அப்படியே சொன்னேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

"எந்த ஊர் சார் இது? பழைய திடல்னு கதை வுடறான்."

"ஊர் பேர் போடலிங்க."

அதுவும் உண்மை. ஹார்வுட்டின் கடிதங்கள் முழுவதும் என் வீட்டு மேசையில்தான் இருந்தன. இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிட்டீங்களா வாத்தியாரே?"

"சொல்லிட்டேன் பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்க வியர்வை. பஸ் நிலையத்தில் நான் கை கழுவ வேண்டியிருந்தது.

பாதுகாப்புச் சட்டத்தில் அவரை உள்ளே போட்டார்கள். அவர் மனைவி சைதுன் பீவி ஐந்து தடவை என்னைத் தேடி வந்தாள்.

"அதெல்லாம் வெள்ளக்காரன் காலத்துக் கதைன்னு ஒரு வரி எழுதுங்க சார். வுட்டுடுவாங்க."

ஐந்து மனுக்கள் எழுதினேன். அவருடைய இழுப்பு நோய், பூட்டிக் கிடக்கும் கடை, வயசுக்கு வந்த மகள், எல்லாம் உருக்கமாக வந்திருந்தன. அந்த ஒரு வரி மட்டும் நடைக்குப் பொருந்தவில்லை.

ஜனவரியில் சமாதானம் ஆயிற்று. பலரை விட்டார்கள். அதற்கு எட்டு நாள் முன்பே பாய் சிறையில் ஜுரம் கண்டு இறந்துவிட்டார். என் ஒரு சொல்லால்தான் இறந்தார், தெரிந்தேதான் சொன்னேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

ஹார்வுட்டுக்குத் துக்கச் செய்தியை நான்தான் எழுதினேன், இனி வரைபடத்தை நானே முடித்துத் தருகிறேன் என்றும். போன மாதம் அது புத்தகமாக வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயருக்கு நன்றி போட்டிருக்கிறார். சைதுன் பீவிக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, நானே போய்ப் படித்துக் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் பெயர் எங்கே என்று கேட்டால், என் பெயரைத் தொட்டுக் காட்டிவிடுவேன். பாவம், சந்தோஷப்படட்டும். இந்த ஊரில் அவளுக்கு உதவி என்று என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?