கறுப்பு வண்டிக்கு எந்த மெழுகு?

— அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே, ஏதாவது ஒரு டப்பா எடுத்துக் கொடுங்க. நாலு மணிக்கு மாமனார் ரயில்ல வந்து இறங்குறார். வண்டி அவரோடது.

— இருபது வருஷமா கார் வாக்ஸ் கடை வெச்சிருக்கேன் தம்பி. நோயாளியைப் பார்க்காம மருந்து கொடுத்ததில்லை. வண்டி என்ன நிறம்?

— கறுப்பா இருந்துச்சு.

— இருந்துச்சுன்னா?

— சொல்றேன், சொல்றேன். முதல்ல டப்பா.

— கறுப்புக்கு இலையில இருந்து எடுக்கிற இயற்கை மெழுகு போட்டா முகம் பார்க்கலாம். ஆனா நம்ம வெயிலுக்கு ஒரு மாசத்துல ஓடிடும். செயற்கைன்னா ஆறு மாசம் தாங்கும், மினுக்கு கொஞ்சம் கம்மி. வண்டி நிக்கிறது வெயில்லயா, நிழல்லயா?

— வெயில்லதான் விட்டேன். கடைக்குப் போயிட்டு வந்தா நிழல்ல நிக்குது. சூரியன் பறக்குது அண்ணே, மணி மூணு ஆகப்போகுது!

— பறக்கட்டும். என் வண்டியும் கறுப்புதான். மூணு பூச்சு போட்டிருக்கேன். போன வாரம் ஒரு காக்கா உட்காரப் பார்த்துச்சு. வழுக்கி அடுத்த தெருவுல விழுந்து, வீட்டுக்கு நடந்தே போச்சு.

— இதுல உட்கார்ந்த காக்கா எழுந்திரிக்கவே இல்லை.

— என்னது?

— ஒட்டிக்கிச்சு! நான்தான் பிடிச்சு இழுத்து விட்டேன். வண்டிக்கு மெழுகு பூசி வைன்னு மாமனார் போன்ல சொன்னார். வந்து பார்த்தா நீங்க சாப்பிடப் போயிருக்கீங்க. பக்கத்துக் கடையில மெழுகு இருக்கான்னு கேட்டேன். கடைக்காரர் ரெண்டு டஜன் கொடுத்தார்.

— மெழுகை யாருப்பா டஜன்ல... அட ஆண்டவா. மெழுகுவர்த்தியா? வாக்ஸ்னு கேட்டிருக்கக் கூடாதா?

— மாமனார் சுத்தத் தமிழ்க்காரர் அண்ணே, அவர் வாயில அதெல்லாம் வராது. தேய்ச்சேன், பிடிக்கலை. அந்தக் கடையிலேயே அடுப்பு வாங்கி உருக்கி ஊத்திட்டேன்.

— திரியையாவது எடுத்தீங்களா?

— பாதி எடுத்தேன். சிரிக்காதீங்க! மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் உருப்படியா தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்றவர், இந்தத் தடவைதான் முதல்முறையா நம்பிச் சாவியைக் கொடுத்துட்டு ஊருக்குப் போனார்.

— பதறாதீங்க. சூடு காட்டித் துணியால ஒத்தி எடுத்துடலாம். வண்டியை வாசலுக்கு ஓட்டிட்டு வாங்க.

— அதுதான் நடக்கலை. சாவி போட்டா கதவே திறக்கலை. பூட்டுக்குள்ள மெழுகு இறங்கிடுச்சு போல.

— எங்க நிக்குது?

— உங்க கடைப் பின்சுவர் ஓரமாத்தான்.

— பின்சுவர் ஓரமா? அந்த நிழல்லயா?

— ஆமாண்ணே. ஏன், சட்டைப் பையில எதைத் தேடுறீங்க?

— இந்தாங்க. இந்தச் சாவியைப் போடுங்க, திறக்கும்.

— இது என்ன, மெழுகு ஒட்டாத சாவியா?

— இல்லை தம்பி. என் வண்டிச் சாவி.