ரெசின் இறங்காத பக்கம்

— நாளைக்கு எவனாவது கேட்டா தெளிவா சொல்லணும், ஓஸ்வால்ட். பியானோவுல ரெசின் ஊத்தினப்ப இருந்தது மூணு பேர்: ரெமிஜியஸ், அதாவது நான், என் வீட்டுக்காரி கேத்தரின் டீச்சர், ரிப்பேர் பண்ண நீங்க.

— சரி சார். இதுக்கு எதுக்கு சார் சாட்சியெல்லாம்?

— காக்ஸ் டவுன் பூரா என்ன பேசுறாங்க தெரியுமா? டீச்சருக்குக் காது போச்சாம். சுதி தப்புறதுகூட தெரியாம பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்றாளாம். ஏழு பிள்ளைங்க கிளாஸை விட்டு நின்னுடுச்சு. தப்பு மரத்து மேலதான்னு நீங்க சர்ச்சு வாசல்ல வந்து சொல்லணும்.

— என்னங்க, அவர் வேலையைப் பாக்கட்டும். காபி வேற ஆறுது.

— நீ சும்மா இரு கேத்தி. இது வீட்டு மானம்.

— ஸ்வல்ப இருங்க சார். கம்பியை முறுக்கிப் பிடிக்கிற ஆணியெல்லாம் இந்தப் பலகையிலதான் நிக்குது. ஓட்டை பெருசானா ஆணி லூசாகும். சுத்தி ரெசின் பசையைச் சொட்டு விட்டா மரம் குடிச்சு இறுகிடும். இடது பக்கம் பன்னெண்டு ஆணிக்கு நல்லா குடிச்சுது. வலது பக்கம் ஒரு சொட்டுகூட இறங்கல.

— அப்ப இன்னும் ஊத்துங்க!

— ஊத்தினா மேலயே நிக்குது சார். அங்க ஆணியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஆனா சுதி ரொம்பத் தப்பியிருக்கிறதும் அங்கதான். எனக்கே தலை சுத்துது.

— ஆணி விட்டுக்கொடுக்காம எப்படி ஓஸ்வால்ட் தப்பும்?

— விட்டுக்கொடுத்தா கம்பி தளர்ந்து சுதி இறங்கும். இங்க ஏறில்ல இருக்கு! அதுவும் கட்டைக்குக் கட்டை ஒவ்வொரு மாதிரி. யாரோ சாவி போட்டு முறுக்கியிருக்காங்க சார்.

— யாரோவா? உங்களுக்கு முன்னாடி இதுல வெளியாள் கை பட்டதே இல்ல. முப்பது வருஷமா மாசாமாசம் சுதி சேக்கிறது நான்தான்!

— ஐயோ சார், அது எனக்குத் தெரியாது...

— என்ன, ரெண்டு பேரும் தரையைப் பாக்கிறீங்க? கேத்தி?

— ஓஸ்வால்ட், வலது பக்கம் அந்தக் கடைசிக் கீச்சுக் கட்டைங்களைத் தட்டுங்க. என்னங்க, எப்படி இருக்கு?

— நல்லாத்தானே இருக்கு.

— இல்லைங்க. பல்லு கூசுது.

— எத்தனை நாளா?

— மூணு வருஷமா.

— ஏன்டி சொல்லல?

— முறுக்கி முடிச்சதும், “இப்ப வாசி”ன்னு கையைத் துடைச்சுக்கிட்டே பக்கத்துல வந்து நிப்பீங்க. அந்த மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது?

— ஊரே உன்னைப் பேசினப்பவும் வாயைத் திறக்கல?

— பேசினா பேசட்டும். உங்களைப் பேசலையே.

— போனை எடு. முதல்ல பிள்ளையை நிறுத்தினது யாரு, லவினாவோட அம்மாதானே?

— வேணாங்க. சொன்னா கேளுங்க.

— ஹலோ, ரெமிஜியஸ் பேசுறேன். நீங்கல்லாம் சொல்லிட்டுத் திரியறது தப்பும்மா. டீச்சருக்குக் காது நல்லாக் கேக்குது. காது போனது எனக்கு.