நெற்குவியலும் இரண்டு சவர்க்கார உறையும்

— லொத்தர் இல்லையெண்டா பிறகென்ன, கச்சி முகம்மது? தான தர்மமா?

— விளம்பரம், பிறக்கிராசி ஐயா. வெறும் விளம்பரம். என்ட சவுக்காரம் விக்கோணுமே. கடைக்கு முன்னால நெல்லைக் குவிச்சி வெச்சன். எத்தன மரைக்கால் இரிக்கி எண்டு பாத்து எழுதிப் போடுங்க, ஆகக் கிட்டச் சொல்றவருக்குப் புதுச் சைக்கிள் எண்டு நோட்டீஸ் அடிச்சன். மறுகா பாத்தா, பொலிஸ் வந்து நிக்கிது.

— வராம? மாமாங்கத் திருவிழாவுக்கு வந்த சனம் முழுக்க உம்மட கடையடியில. வண்டில் போக வழியில்ல. நாளைக்குக் கோட்டுல உமக்காக வழக்குப் பேசப்போறது நான். நீதவான் கேட்டா என்ன சொல்லப் போறீர்?

— நான் ஆரிட்டயும் சல்லி வாங்கல்ல எண்டு சொல்றன்.

— கேளும். சீட்டோட என்ன வைக்கச் சொன்னீர்?

— ரெண்டு சவுக்கார உறை.

— உறை மரத்துல காய்க்குதோ?

— இல்ல... கடையில சவுக்காரம் வாங்கினாத்தான் உறை.

— அப்ப சல்லி வாங்கினீர். பரிசு, அதுக்குக் குடுக்கிற காசு, அதிஷ்டம். இந்த மூண்டும் ஒண்டாச் சேந்தா லொத்தர். சைக்கிள் இருக்கு. காசு உறைக்குள்ள சுத்தியிருக்கு.

— உறை வாணாம், சும்மா எழுதுங்க எண்டு இப்ப சொன்னா?

— திருவிழா முடிஞ்ச பிறகா? நீதவான் சிரிச்சுப்போட்டு உம்மை மறியல்சாலைக்கு அனுப்புவார்.

— யா அல்லாஹ்! ஐயா, மகள் றஸீனாட கலியாணம் வாற மாசம். ‘சூதுக்காரன்ட மகளா’ எண்டு மாப்பிள்ளை வீட்டார் கேட்டனுப்பிட்டாங்க. தண்டம் எவ்வளவு எண்டாலும் கட்டுறன். லொத்தர் எண்டு மட்டும் தீர்ப்பு வரப்படாது. வந்தா கலியாணம் நிண்டு போகும்.

— நோட்டீஸ் அடிக்க முந்தி இந்தப் புத்தி எங்க போனது? நீரும் உம்மட சவுக்காரம் மாதிரித்தான். நுரை மட்டும் கிளம்பும், ஊத்தை அப்பிடியே கிடக்கும்.

— ஏசுங்க, ஐயா. உங்கட வீடு தேடி வந்தவன், நல்லா ஏசுங்க. மறுகா ஒரு வழி சொல்லுங்க.

— கேளும். வழி ஒண்டுதான். மூண்டுல ஒண்டைக் கழட்டோணும். கண்ணைக் கட்டிக் குலுக்கி எடுத்தா அதிஷ்டம். கண்ணால பாத்து, பழக்கத்தால மதிச்சுச் சொன்னா அது திறமை. திறமைக்குப் பரிசு குடுத்தா லொத்தர் எண்டு ஆரும் சொல்ல ஏலா.

— அப்பிடியெண்டா நான் தப்பிட்டன்! வயல் வெச்சிரிக்கிற கரடியனாத்துப் போடிமார் சூடடிச்ச களத்துல நிண்டு ஒரு பார்வை பாத்தாப் போதும். வட்டையில விளைஞ்சது எத்தன அவணம் எண்டு சொல்லிப் போடுவாங்களே!

— பரவாயில்ல, மண்டைக்குள்ள ஏதோ கொஞ்சம் கிடக்கு. ஆகக் கிட்ட எழுதின போடியாரைக் கூட்டிக்கொண்டு வாரும். நீதவானுக்கு முன்னால நெல்லைக் கொட்டி மதிப்புச் சொல்ல வைக்கிறன். பொலிஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு போவாங்க.

— ஓம், ஐயா. அதுல ஒரு சின்னச் சிக்கல்.

— உம்மட சின்னச் சிக்கலைச் சொல்லும்.

— போடிமார் எல்லாரும் அறுபது, அறுபத்தொண்டு எண்டுதான் எழுதியிரிக்காங்க.

— நல்லதுதானே! எல்லாருக்கும் ஒரே கணக்கு. இதைவிடத் திறமைக்கு என்ன சாட்சி வேணும்? நெல்லு எத்தனை?

— முப்பத்தெட்டு.

— என்ன?

— குவியல் பெருசாத் தெரியோணுமே. நாலு வெறும் சவுக்காரப் பெட்டியக் கவிட்டு வெச்சிட்டு, அதுக்கு மேலால கொட்டினன்.

— கோதாரி! நெல்லுத் தெரிஞ்சவன் எல்லாரும் தோத்துப் போகத்தக்கதா ஒரு திறமைப் போட்டி! இதுக்கு லொத்தரே மேல். அதுல விவரங்கெட்டவனுக்கும் விவரமுள்ளவனுக்கும் ஒரே நியாயம்.

— கெட்ட எண்ணத்துல செய்யல்ல, ஐயா. சனம் வரட்டும் எண்டுதான்...

— பொத்தும் வாயை. வேற ஆரும் கிட்ட எழுதல்லையா?

— ஒரு சீட்டு இரிக்கி. சரியா முப்பத்தெட்டு.

— சரியாவா? அப்ப நீர் பிழைச்சீர், கச்சி முகம்மது! குவியல்ட சாய்வைப் பாத்தே உள்ளுக்குக் கள்ளம் கிடக்கெண்டு எழுதின ஆள் கண்டுபிடிச்சிருக்கு. அதுதான் கண்! நாளைக்கு அந்த ஆளைச் சாட்சிக் கூண்டுல ஏத்துறன்.

— ஏத்த ஏலுமோ தெரியா. அவங்க குவியலைப் பாக்கவே இல்ல. வேலைக்காரியிட்டச் சீட்டும் உறையும் குடுத்தனுப்பினாங்க.

— பாக்காமலா? பிறகு முப்பத்தெட்டு எங்க இருந்து வந்தது?

— நானும் அத அந்த வேலைக்காரியிட்டக் கேட்டன். வீட்டுக்கார அம்மாட புருசன்ட வயசாம்.

— முடிஞ்சுது. சுத்த அதிஷ்டம். இனி அந்தச் சீட்டு பொலிசுட கையில அம்பிட்டா உம்மட மகளுக்குக் கலியாணமும் இல்ல, உமக்குக் கடையும் இல்ல. புருசன்ட வயசை எழுதிச் சைக்கிள் கேட்ட அந்த மூளையில்லாத பொம்புளை ஆர்?

— பேர் மங்கையற்கரசி எண்டு போட்டிரிக்கி, ஐயா. விலாசம் இந்த வீடுதான்.